எண்ணெய்க் கணக்கு

ஊரின் பெயர் மெர்சிடிஸ்.
எங்கள் கிளப்பில் அந்தக் கார் ஒன்றுகூட இல்லை.
உருகுவேக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள்
இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.
நாங்கள் சிரித்து முடித்து முப்பது வருஷமாகிறது.

பழைய கம்பளிக் கிடங்கு, தகரக் கூரை.
மாதத்தின் முதல் ஞாயிறு, பதினாலு வண்டிகள்.
எனக்குச் சொந்தமாய் ஒரு சைக்கிள்.
நான் பொருளாளர்:
சந்தாவும் வெந்நீரும் மரத்தூள் மூட்டையும்
என் பொறுப்பு.

வண்டிகள் போனபின்
சிமெண்டுத் தரையில் அவை விட்டுப்போனதைப்
பெருக்குகிறவளும் நான்தான்.
அதனால் எனக்கு அவற்றை
வயிற்றுப் பக்கமாய்த் தெரியும்.

நீடியாவின் ஃபோர்டு மூன்று சொட்டு, அடுப்புக்கல் மாதிரி.
திமோத்தியோவின் சித்ரோவன் பின்னச்சில் கசியும்;
தன்னுடையது இல்லை என்று சத்தியம் செய்வான்.
ஸ்டுடிபேக்கர் நின்ற இடத்தில் பச்சைத் தண்ணீர்:
ரேடியேட்டர். இன்னும் இரண்டு மாதம் தாங்கும்.

வால்கீரியாவின் ஹில்மன், ஐம்பத்தொன்றாம் வருஷத்தது,
விட்டுப்போவது ஒரு பெரிய கறையும் ஒரு வாலும்.
நனைந்த வாத்து திரும்பிப் பார்ப்பது போலிருக்கும்.
பத்தொன்பது வருஷமாய் அதே வாத்து.
‘சொட்டுகிறவரைக்கும் உள்ளே இருக்கிறது’ என்பாள்.
துடைக்கும்போது மட்டும் பேசமாட்டாள்.
க்ரோமில் தன் முகம் தெரியும்வரை தேய்ப்பாள்,
தெரிந்ததும் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுவாள்.

அது ஆகஸ்ட். உறைபனி.
எப்போதும் கடைசியாய் வரும் ஹில்மன்
நான் கதவைத் திறந்தபோதே உள்ளே நின்றது.
(அவளிடமும் ஒரு சாவி உண்டு.)
வெளியே வெள்ளைப் புல்லில் இரண்டு டயர்த் தடம்,
அவற்றுக்குப் பின்னே மூன்று ஜோடிச் செருப்புத் தடம்,
முன்விரல் அழுந்த அழுந்த.

பானெட்டில் கை வைத்தேன். மீன்கடைப் பளிங்கு.
வண்டியின் முகம் நாலு விரல் தூக்கி நின்றது,
சுமை இறக்கிய கழுதையைப் போல.
குனிந்தேன்.
முன்சல்லடை வழியே வந்த வெயில்
மோட்டார் இருக்கவேண்டிய இடத்தைத் தாண்டித்
தரையில் கோடுகோடாய்க் கிடந்தது.
தரை காய்ந்திருந்தது.

கூரை ஒழுகியதா, கண் ஆபரேஷனா,
யாருடைய கடனோ.
பதினைந்து அடி தள்ளி அவள்
பின்பக்க பம்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கழிவெண்ணெய் டப்பா மூலையில் இருந்தது.
எடுத்துப்போய் மண்டியிட்டு ஊற்றினேன்:
முதலில் உடம்பு, பிறகு கழுத்து.
வால் கொஞ்சம் நீண்டுவிட்டது.

பத்து மணிக்கு எல்லோரும் வந்தார்கள்.
தலைவர் ஓரோஸ்மான் வரிசையாய்ப் பார்த்துக்கொண்டே வந்து
ஹில்மனிடம் நின்றார்.
கறையைப் பார்த்தார், என் முழங்காலைப் பார்த்தார்.
‘வாத்து ஒரு சாண் இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது’ என்றார்
என் காதுக்கு மட்டும்.

பிறகு உரக்க:
‘இன்று பிரேக் சோதனை. ஆறுவரைக்கும் இறக்கம்தான்.
ஒருவரும் மோட்டாரைக் கிளப்பக் கூடாது.’

அப்படி ஒரு சோதனை எங்கள் விதிகளில் இல்லை.
ஸ்டுடிபேக்கர்காரன் வாயைத் திறந்தான்,
நீடியா அவன் காலை மிதித்தாள்.

ஒவ்வொன்றாய்த் தள்ளித் தெருமுனையில் விட்டோம்.
பதினாலு வண்டி, ஒரு உறுமல் இல்லை.
டயருக்கடியில் சரளை நொறுங்கும் சத்தம்,
எவனோ ஒருவனின் கதவு கடகடப்பது,
வழியில் நாய்கள் குரைக்க மறந்து நின்றன.
ஐந்தாவதாய்ப் போனது ஹில்மன்.
வால்கீரியா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள்.
வளைவில் வழக்கம்போல் ஹாரன் அடித்தாள்.
பேட்டரியை விற்கவில்லை போலும்.

கறுப்பாற்றின் கரையில் வரிசையாய் நிறுத்தி
மாத்தே குடுவையைச் சுற்றவிட்டோம்.
ஏறிப் போவதைப் பற்றி யாரும் பேசவில்லை.
திமோத்தியோ மட்டும் டிக்கியைத் திறந்து,
ஆற்றைப் பார்த்தபடியே,
கயிற்றைத் தடவிப் பார்த்து மூடினான்.

சாயங்காலம் கிடங்கைப் பெருக்கினேன்,
பதின்மூன்று இடத்தை.
மரத்தூள் தீர்ந்துவிட்டது என்று
கணக்கில் எழுதியிருக்கிறேன்.